மரைக்காயரின் வலது தோள்

கௌஸ் மைதீன் மரைக்காயருக்குத் தோள் போனது வேட்டையில் இல்லை. வேட்டையில் போயிருந்தாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கதை இருந்திருக்கும். படகிலிருந்து துணிமூட்டை இறக்கும்போது போனது.

உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி நாற்பது வருடம் ஆகியிருந்த காலம். சாயத்துணி கப்பல் கப்பலாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. கௌஸ் மைதீனின் அண்ணன் ஷாகுல் ஹமீது அந்த வியாபாரத்தில் தலைமுடி முழுக்க நரைத்தவர். தம்பிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது, ஒரு முடிகூட நரைக்கவில்லை. காரணம், வியாபாரத்தில் தம்பிக்கு இருந்தது ஒரே வேலைதான். துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்து, இது நிற்கும், இது முதல் அலசலிலேயே வெளுத்துவிடும் என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால் சரியாக இருக்கும். அந்த வேலையும் உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் அவருக்கு ஏரிதான்.

ஐப்பசியில் வாடை திரும்பியதும் வடக்கேயிருந்து நீர்வாத்துகள் வந்து இறங்கும். ஊரில் அவற்றைச் சிறவி என்பார்கள். மாசி வரைக்கும் ஏரி அவற்றினுடையது. அந்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நாள், பொழுது புலரும்போது கௌஸ் மைதீன் தோணியில் இருப்பார். கையில் நாகலாபுரத்து மலை மூங்கிலில் செய்த, அவர் உயரத்துக்கு இருக்கும் வில். தோணி கோட்டைக்குப்பத்துச் சின்னதம்பியுடையது. சின்னதம்பி வலை போடுகிறவர், மரைக்காயருக்கு ஏறத்தாழ ஒரே வயது. வலையை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் மரைக்காயரைக் கோரைப்புல் பக்கம் கொண்டுபோவார். இருவரும் பதினைந்து வருடமாகச் சேர்ந்து போகிறார்கள், பேசிக்கொள்வது குறைவு.

கோட்டைச் சிப்பாய்களும் பறவை சுடுவார்கள். துப்பாக்கி ஒருதரம் வெடித்தால் ஏரியே எழுந்து தெலுங்குச் சீமைப் பக்கம் போய்விடும், அன்றைக்கு மீனும் கலைந்துவிடும். வில்லுக்கு அந்தத் தொல்லை இல்லை. மரைக்காயர் நாணை விடும்போது "பிஸ்மில்லாஹ்" என்பார். அவ்வளவுதான் சத்தம். இறைவன் பேரைச் சொல்லி விட்ட அம்பில் விழுந்த பறவையானதால் வீட்டு அடுப்பிலும் ஏறும். அவர் மனைவி ஜைனம்பு மிளகும் தேங்காய்ப்பாலும் விட்டு அதை ஆக்கினால் தெருவே மூக்கைத் தூக்கும்.

அந்த ஐப்பசி முதல் வாரத்தில் துறையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கௌஸ் மைதீனுக்கு அங்கே வேலையே இல்லை. சும்மா நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதல் கூட்டம் வந்துவிட்டதா என்று. பலகையில் இறங்கிய கூலியாளுக்குக் கால் வழுக்க, மூட்டை தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. மரைக்காயர் எட்டி வலது கையால் அதன் கயிற்றைப் பிடித்தார். மூட்டை நிற்கவில்லை. கயிறும் கையைவிட்டு வரவில்லை. தோளுக்குள் ஏதோ துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது.

"விட்டிருக்கலாமே, துணி நனைஞ்சா காயும்," என்றாள் ஜைனம்பு, அவரைத் தூக்கி வந்தபோது.

காட்டூரிலிருந்து தருமலிங்கத்தை அழைத்து வந்தார்கள். மனிதருக்கும் மாட்டுக்கும் கட்டுப் போடுகிற வைத்தியர் அவர். தோளைத் தடவிப் பார்த்து, இறங்கிய எலும்பை ஒரே திருகில் ஏற்றி, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பற்றுப்போட்டுக் கட்டினார். நாற்பது நாள் கையை ஆட்டக்கூடாது என்றார். எலும்பு ஒட்டிக்கொள்ளும், உள்ளே அறுந்த நரம்பு பழையபடி ஆகாது என்றும் சொன்னார்.

"சோறு தின்னலாம், எழுதலாம். கைமுட்டியைத் தோளுக்கு மேல தூக்குற வேலை மட்டும் வேணாம் மரைக்காரே. வில்லை மறந்துடுங்க."

நாற்பது நாளும் மரைக்காயர் ஒழுங்காக இருந்தார். தொழுகையில் மட்டும் சங்கடம். கைகளைக் காதுவரை உயர்த்தும்போது இடது கை முதலில் போய்க் காத்திருக்கும். வலது கை பாதிவரை வந்து, யோசித்து, திரும்பிவிடும். பள்ளியில் பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

நாற்பத்தோராம் நாள் காலையில் ஜைனம்பு குளிக்கப் போன நேரம் பார்த்து, கொல்லைப்புறத்தில் வில்லை எடுத்தார். நாணைப் பிடித்து இழுத்தார். கை மார்புவரை வந்தது. முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியதும் கண் இருட்டியது. நாண் தானாக நழுவ, அம்பு பத்தடி போய் முருங்கை மரத்தடியில் படுத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் ஈரத் தலையோடு ஜைனம்பு நிற்கிறாள். அவள் போய் அம்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

பெரிய வில்தானே வலிக்கிறது என்று சின்ன வில்லொன்று செய்தார். சின்னப் பிள்ளைகள் ஓணான் அடிக்கிற வில்லைவிடக் கொஞ்சம் பெரிது. அதை இழுத்தாலும் வலித்தது, ஆனால் பல்லைக் கடித்தால் தாங்கலாம். மார்கழிப் பனியில் சின்னதம்பியைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார். கோரை ஓரமாக ஒரு சிறவி தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. இருபதடி தூரம். மரைக்காயர் பல்லைக் கடித்தார், பிஸ்மில்லாஹ் சொன்னார், விட்டார். அம்பு பட்டது. ஆனால் உள்ளே போக அதற்கு வேகம் இல்லை. முதுகுச் சிறகில் குத்திக்கொண்டு நின்றது. சிறவி அம்போடு எழுந்து பறந்துபோனது.

அன்றைக்கு முழுதும் இருவரும் தேடினார்கள், கிடைக்கவில்லை. மறுநாள் ஏரியோரத்துத் தோணிரேவு ஊரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள், மரைக்காயர் அம்பு எங்கள் பக்கம் பறந்துபோனது என்று. அதற்கு அடுத்த நாள் முகத்துவாரத்துப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். மீன்காரர்களுக்கு அது வேடிக்கை. சந்தையில் அவரைப் பார்த்தால் வானத்தைக் காட்டிச் சிரித்தார்கள். மரைக்காயர் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் சின்னதம்பியே அந்தப் பறவையைச் சேற்றில் செத்துக் கிடக்கக் கண்டு எடுத்து வந்தார். அதைப் பார்த்துவிட்டு மரைக்காயர் வீட்டுக்குப் போய்ச் சின்ன வில்லை அடுப்பில் வைத்தார். பெரிய வில்லைப் பரணில் போட்டார்.

"எனக்கு வலிச்சா பரவாயில்லை," என்றார் ஜைனம்புவிடம். "என் வலிக்கு அது ஏன் மூணு நாள் தவிக்கணும்?"

அதன்பிறகுதான் ஜைனம்புவுக்குக் கஷ்டம் ஆரம்பித்தது. விடிந்ததும் எழுந்து போகிற மனிதர் விடிந்ததும் எழுந்து வீட்டிலேயே இருந்தார். உப்புப் பானையை இடம் மாற்றினார். அரிசி களைகிற தண்ணீர் போதாது என்றார். கோழிகள் ஏன் கிழக்கே பார்த்து நிற்கின்றன என்று கேட்டார். அண்ணன் ஷாகுல் ஹமீது தம்பி மனம் தேறட்டும் என்று கோட்டையில் தெரிந்தவர் மூலம் ஒரு துப்பாக்கி வாங்கித் தருவதாகச் சொன்னார். ஏரியை ஓட்டிவிட்டு அங்கே எனக்கு என்ன வேலை என்று தம்பி மறுத்துவிட்டார்.

பத்து நாள் பொறுத்துப் பார்த்த ஜைனம்பு, சின்னதம்பி மீன் கொண்டுவந்தபோது வாசலுக்கே வந்தாள்.

"அண்ணே, நாளைக்கு இவரைத் தோணியில ஏத்திக்கிட்டுப் போங்க. பறவை வேணாம், மீன் வேணாம். பொழுது சாயுறவரைக்கும் கொண்டாந்து விடாதீங்க, அது போதும்."

அப்படித்தான் மரைக்காயர் மறுநாள் வெறுங்கையோடு தோணியில் உட்கார்ந்தார். வேநாட்டுத் தீவுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும். திரும்பும்போது தோணி சேற்றில் ஏறி நின்றுவிட்டது. சின்னதம்பி இறங்கி, சற்றுத் தள்ளி நட்டிருந்த வலைக்கம்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மரைக்காயரிடம் எறிந்தார். நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன், நீங்கள் முடிந்த அளவு இழுங்கள் என்றார்.

மரைக்காயர் தோணியின் தரையில் மல்லாந்து படுத்தார். இரண்டு பாதங்களையும் குறுக்குப் பலகையில் ஊன்றினார். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்துக்கொண்டு, நெஞ்சை நோக்கி இழுத்தார். சின்னதம்பி தள்ளினார். தோணி ஒரு முனகலோடு சேற்றைவிட்டு நழுவியது.

சின்னதம்பி ஏறி வந்து பார்த்தபோது மரைக்காயர் இன்னும் அப்படியே மல்லாந்து கிடந்தார், கால்கள் பலகையில், கயிறு நெஞ்சில். சின்னதம்பி பயந்துபோனார்.

"இன்னா ஆச்சு மரைக்காரே? தோளா?"

"வலிக்கலை," என்றார் மரைக்காயர்.

"அப்புறம் ஏன் படுத்துக்கினு கிடக்கீங்க?"

"வலிக்கலைன்றேன், சின்னதம்பி. இவ்ளோ பெரிய தோணியை இழுத்தேன், வலிக்கலை." கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்தார். "வீட்டுக்கு விடு. வில்லை எடுக்கணும்."

சின்னதம்பிக்கு ஜைனம்புவின் கட்டளை நினைவுக்கு வந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் கழியை ஊன்றினார்.

பரணிலிருந்து பெரிய வில் இறங்கியது. கொல்லையில் மணலில் மல்லாந்து படுத்து, கால்களைத் தூக்கி, வில்லின் நடுப்பகுதியை இரண்டு உள்ளங்காலிலும் தாங்கினார். அம்பைப் பாதங்களுக்கு நடுவில் வைத்தார். இரண்டு கையாலும் நாணை மார்புக்கு இழுத்தார். வில் முன்னெப்போதும் வளையாத அளவுக்கு வளைந்தது. வாசற்படியில் நின்ற ஜைனம்பு முதலில் வாயைப் பொத்தினாள். அப்புறம் முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். கவிழ்ந்த நண்டு மாதிரி இருக்கிறீர்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மரைக்காயர் சிரித்துக்கொண்டே நாணை விட, அம்பு மதிலைத் தாண்டிப் போனது.

மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டு வெளி. அங்கே கப்பலுக்குப் போகவேண்டிய சாயத்துணி கொடிகளில் காய்ந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் ஷாகுல் ஹமீது ஒரு சிவப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். துணியின் நடுவில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாகத் தம்பியைப் பார்த்தார். தம்பி மணலில் கால்களைத் தூக்கிக்கொண்டு கிடந்தார்.

"நல்ல துணிதான் காக்கா," என்றார் தம்பி, அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம். "கிழியலை, பாருங்க. ஓட்டைதான்."

இனிமேல் பழகுவதாக இருந்தால் ஆளில்லாத தீவில் போய்ப் பழகு என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். வாசல் தாண்டியதும் அவரும் சிரித்த சத்தம் கேட்டது.

தை மாதம் முழுக்க வேநாட்டு மணல்திட்டில் மரைக்காயர் படுத்துப் பழகினார். குறி பார்ப்பது புதிதாக இருந்தது. முன்பு கண்ணும் கையும் செய்த வேலையை இப்போது பாதங்கள் செய்யவேண்டியிருந்தது. கட்டைவிரலை இம்மி அசைத்தால் அம்பு இரண்டு கோல் தள்ளிப் போகும். வலி முழுக்கப் போய்விடவில்லை. மூன்று அம்பு வரை தோள் பேசாமல் இருக்கும். நான்காவதில் முனகும். ஐந்தாவது விட்டால் அன்று மாலை ஜைனம்பு உப்பு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கவேண்டி வரும், சோற்றையும் இடது கையால் பிசையவேண்டி வரும். அதனால் ஒரு நாளைக்கு மூன்று அம்பு என்று வைத்துக்கொண்டார். முன்பெல்லாம் இருபது கொண்டுபோவார்.

முதல் வேட்டை நாள், தோணியைக் கோரைக்குள் நுழைத்து நிறுத்தினார்கள். மரைக்காயர் தரையில் படுத்துக்கொண்டதால் வெளியிலிருந்து பார்த்தால் தோணியில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. சின்னதம்பியும் குந்திக் குனிந்துகொண்டார். பறவைகளுக்கு அது வெறும் கட்டை. முன்பு மரைக்காயர் நின்று எய்த காலத்தில் கூட்டம் அவரைக் கண்டு ஒதுங்கித்தான் இறங்கும். இப்போது தலைக்கு நேர் மேலே, காற்றை எதிர்த்துக்கொண்டு, சிறகை விரித்து, காலை நீட்டிக்கொண்டு இறங்கியது. அந்த ஒரு கணம் ஒவ்வொரு பறவையும் வானத்தில் மாட்டிவைத்த மாதிரி நிற்கும். பதினைந்து வருடமாக ஏரிக்குப் போகிறவர், அந்தக் கணத்தைக் கீழேயிருந்து அன்றுதான் பார்த்தார். வாய் பிஸ்மில்லாஹ் சொன்னது. கைகள் விட்டன.

சிறவி செங்குத்தாக விழுந்து அவர் வயிற்றின்மேலேயே தொப்பென்று இறங்கியது. அது துடிக்கக்கூட இல்லை. மரைக்காயர் அதைக் கையால் தொட்டு, அம்பு எங்கே போயிருக்கிறது என்று பார்த்தார். நெஞ்சில் நேராக, இறகுவரைக்கும் போயிருந்தது. அவர் கண் கலங்கியிருந்ததைச் சின்னதம்பி பார்த்தார். வயிற்றில் அடி விழுந்ததாலா என்று கேட்கவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? மரைக்காயர் படுத்துக்கொண்டு வேட்டையாடுகிறார், இனிமேல் தூங்கிக்கொண்டே வியாபாரம் பார்ப்பார் என்றார்கள். அதெல்லாம் பொறுத்துக்கொண்டார். ஒரு பேச்சுதான் உறுத்தியது. காலால் பிடித்த வில்லில் விழுந்த பறவையைத் தின்னலாமா, இறைவன் பேரைச் சொல்லிக் காலையா தூக்குவது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஜைனம்பு அனுப்பிய கறிக்கிண்ணம் ஒரு வீட்டிலிருந்து மூடியபடியே திரும்பி வந்தது. அண்ணனும் இரண்டு நாள் சாப்பிட வரவில்லை.

மரைக்காயர் நேராகப் பள்ளிவாசல் லெப்பையிடம் போனார். லெப்பைக்கு எழுபது வயது, தொழுகை நடத்துகிறவர், கோபமே வராதவர். அவர் எல்லாவற்றையும் கேட்டார். எப்படி என்று செய்து காட்டச் சொன்னார். பள்ளிக்கு வெளியே, தென்னை மரத்தடியில், ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்க, மரைக்காயர் மணலில் படுத்தார். முகம் சிவந்துபோயிருந்தது. கால்களைத் தூக்கி வில்லை வைத்து, அம்பில்லாமல் நாணை இழுத்துக் காட்டினார்.

லெப்பை குனிந்து பார்த்தார்.

"நாணை விடுறது எது?"

"கைதான், லெப்பை."

"பேரைச் சொல்றது?"

"வாய்தான்."

"அம்பு குத்தித்தானே சாவுது? கால் உதைச்சு இல்லையே?"

"அம்புதான்."

"அப்போ இன்னா சந்தேகம்?" என்று நிமிர்ந்தார் லெப்பை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "நோயாளி உட்கார்ந்து தொழலாம், முடியலைன்னா படுத்துத் தொழலாம்னு இருக்கு. வேட்டைக்கு மட்டும் நிக்கணும்னு யார் சொன்னது?" பிறகு மரைக்காயரைத் தூக்கிவிடக் கை நீட்டினார், இடது பக்கமாக. "மிளகு போட்டு ஆக்குவாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒருதரம்கூட வந்ததில்லை."

அந்த வெள்ளிக்கிழமை லெப்பை மரைக்காயர் வீட்டில் சாப்பிட்டார். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அண்ணன் ஷாகுல் ஹமீது பக்கத்தில் உட்கார்ந்து அவரைவிட அதிகம் சாப்பிட்டார். கிண்ணத்தைத் திருப்பியனுப்பிய வீட்டிலிருந்து மறுவாரம் வெறும் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பினார்கள், நிரப்பித் தரச் சொல்லி.

அப்படியே ஒன்பது வாடைக்காலம் மரைக்காயர் மல்லாந்து படுத்து வேட்டையாடினார். தோள் கடைசிவரை ஆறவில்லை. குளிர் அதிகமான நாட்களில் மூன்று அம்பு இரண்டாகும், சிலநாள் ஒன்றாகும், சிலநாள் வில்லைத் தொடாமல் படுத்துக்கொண்டு மேலே போகிற கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அந்த நாட்களில் வீட்டில் ஏன் வெறுங்கை என்று யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ, தை மாதத்தில், ஜைனம்பு தானும் வருவதாகச் சொன்னாள். ஊர்க்கண் படுமுன் விடியற்காலையிலேயே முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு தோணியில் ஏறினாள். அவளுக்கு இடம் வேண்டுமே, அதனால் மரைக்காயருக்குப் பக்கத்திலேயே அவளும் மல்லாந்து படுத்துக்கொண்டாள். சின்னதம்பி இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தினார்.

கூட்டம் வந்தது. மரைக்காயர் முதல் அம்பை விட்டார். தவறியது. இரண்டாவது ஒரு இறகைக்கூடத் தொடவில்லை. அவருக்கு வியர்த்தது. மூன்றாவதை நிதானமாக, கட்டைவிரலைச் சரிபார்த்து, மூச்சைப் பிடித்து விட்டார். அது நேராக மேலே போய், நேராகக் கீழே வந்து, தோணிக்குப் பக்கத்தில் தண்ணீருக்கடியில் சேற்றில் குத்தி நின்றது. சிறவிகள் அதைச் சுற்றி இறங்கி, நிம்மதியாக மேய ஆரம்பித்தன.

மரைக்காயர் திரும்பி மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பாள் என்று தெரியும்.

"மூணு ஆச்சா?" என்றாள் ஜைனம்பு.

"ஆச்சு."

"தோள் வலிக்குதா?"

"இல்லை."

"அப்போ கொஞ்சநேரம் இப்படியே இருக்கலாம். வீட்டுல கருவாடு இருக்கு."

அவர்களுக்கு மேலே பூநாரைக் கூட்டம் ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையாகத் தெற்கே போனது. சின்னதம்பி கழியை எடுக்காமல் வெற்றிலையை எடுத்தார்.